படம் வரைந்து அல்ஜிப்ரா சொல்லிக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கணக்கில் நன்றாக வந்தவன். இப்போது இடைநிலைப்பள்ளியின் முதல் வருடமான படிவம் 1-இல் அல்ஜிப்ரா தொடங்கியதும் தடுமாறுகிறான். 3எக்ஸ் + 4 என்று இருந்தால் 7எக்ஸ் என்று எழுதிவிடுகிறான். யாரோ படக்குறிப்பு, அதாவது பாடத்தைப் படமாக வரைந்து எடுக்கும் குறிப்பு, எழுதிப் படிக்கச் சொன்னார்களாம். அதற்கு வண்ணப் பேனா செட் வாங்கலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அவன் படம் பார்த்தால்தான் புரிந்துகொள்கிற பிள்ளை’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். பேனாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்ட முடியுமா? முடியும். ஆனால் எந்தப் படம் என்பது முக்கியம். தப்பான படம் ஒன்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், அதை அழிக்க இரண்டு வருடம் ஆகும்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் 27 வருடம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். இந்தப் பதிலில் பாதி அங்கே பார்த்தது, மீதி படித்தது. எது எது என்று பிரித்தே சொல்கிறேன். இன்னொன்று, இங்கே எழுத்தை ‘எக்ஸ்’ என்று ஒலிப்படி எழுதுகிறேன். மகனின் நோட்டில் அது வழக்கமான எழுத்தாகவே இருக்கட்டும். அதையும் வளைத்து எழுதப் பழக்குங்கள். பெருக்கல் குறியும் எக்ஸும் ஒரே மாதிரி இருப்பதால் மட்டுமே மார்க் இழந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தப்பைச் செய்யும் அழகழகான படக்குறிப்புகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய மணிலா அட்டையில் ‘ஏ என்றால் ஏப்பல், பி என்றால் பெத்தேக்’ என்று பழங்களின் மலாய்ப் பெயரை எழுதி, மூன்று ஆப்பிளும் இரண்டு பப்பாளியும் வரைந்து, அதுதான் 3ஏ + 2பி என்று வகுப்பில் மாட்டினேன். ஆப்பிளையும் பப்பாளியையும் கூட்ட முடியாது, அதனால் ஏ-யையும் பி-யையும் சேர்க்க முடியாது என்று விளக்கினேன். எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு மாதம் கழித்து ஏ பெருக்கல் பி வந்தது. பின் வரிசையில் உட்காரும் ஒரு பையன் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். “சார், ஆப்பிளைப் பப்பாளியால எப்படி சார் பெருக்குறது?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே அட்டையைக் கழற்றினேன். ஆனால் அந்த வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் படிவம் போன பிறகும் எழுத்தை ஒரு பொருளாகத்தான் நினைத்தார்கள்.

இது என் வகுப்பில் மட்டும் நடந்தது இல்லை. இங்கிலாந்தில் டீட்மார் குஷெமன் என்ற ஆய்வாளர் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1981-இல் வெளிவந்தன. பிள்ளைகள் எழுத்தை எந்தெந்த விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர் வகைப்படுத்தினார். எழுத்தைப் பொருளாகவோ பொருளின் பெயர்ச் சுருக்கமாகவோ நினைப்பது அதில் ஒரு வகை. சின்னக் கணக்கில் அப்படி நினைத்தாலும் விடை சரியாக வந்துவிடும். அதுதான் ஆபத்து. எக்ஸ் என்பது ஆப்பிள் இல்லை. ஆப்பிள் எத்தனை என்பதுதான் எக்ஸ். அது ஓர் எண். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மகனின் 7எக்ஸ் தானாகப் போய்விடும்.

அதற்கு நான் இப்போது பயன்படுத்துவது ஆங்பாவ் உறை, பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறை. தீபாவளிக்கு ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே தொகை வைத்துத்தான் கொடுப்பார்கள், இல்லையா? ஒரே வீட்டு உறை மூன்று, மூடியபடி இருக்கின்றன. பக்கத்தில் நான்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு வெளியே கிடக்கிறது. இதை வரையச் சொல்லுங்கள். மூன்று உறை, நான்கு நோட்டு. மொத்தம் எவ்வளவு பணம்? உறைக்குள் இருக்கிற தொகையை மூன்று தடவை எடுத்து, அதோடு நான்கைச் சேர்க்க வேண்டும். அதுதான் 3எக்ஸ் + 4. இதை 7எக்ஸ் என்று எழுதினால் ஏழு உறை இருக்கிறது என்று அர்த்தம். எங்கே அந்த ஏழு உறை? பிள்ளை படத்தைப் பார்த்துத் தேடுவான், இருக்காது. இங்கே ஒரு கவனம் வேண்டும். உறையை எக்ஸ் என்று சொல்லிவிடாதீர்கள், அது மறுபடியும் ஆப்பிள் கதைதான். உறைக்குள் எத்தனை வெள்ளி என்பதுதான் எக்ஸ். உறையின் மேல் எக்ஸ் என்று எழுதும்போதே “எக்ஸ் வெள்ளி” என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

அப்புறம் உறையைத் திறந்து சோதிக்கலாம். உள்ளே ஐந்து வெள்ளி என்றால் 3எக்ஸ் + 4 என்பது 19, 7எக்ஸ் என்பது 35. இரண்டு வெள்ளி என்றால் 10, 14. ஆனால் ஒரு வெள்ளி வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். இரண்டுமே 7 என்று வரும், ‘பார்த்தீர்களா, சரிதானே’ என்று நிற்பான். பல பிள்ளைகள் முதலில் கையில் எடுக்கும் எண் 1 என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

உறை முதல் வாரத்துக்குப் போதும். அதற்குப் பிறகு பட்டைப் படம். நீளமான கட்டம் வரைந்து அளவைக் காட்டும் முறை அது. சிங்கப்பூர் ஆரம்பப்பள்ளிகளில் 1980களில் கோ தெக் ஹோங் தலைமையிலான குழு இதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பார்கள். ஒரு கணக்கு: அக்காவிடம் தம்பியைவிட 6 வெள்ளி அதிகம். இருவரிடமும் சேர்ந்து 30 வெள்ளி. தம்பியிடம் எவ்வளவு? போன வருடம் ஒரு பெண் இதை வரைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரூலர் வைத்து மேலே ஒரு பட்டை போட்டாள், தம்பி. கீழே அதே நீளத்துக்கு இன்னொன்று, அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு ஒட்டி 6 என்று எழுதினாள். இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்பு போட்டு 30 என்று குறித்தாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த 6 துண்டைக் கட்டைவிரலால் மூடினாள். “இப்போ ரெண்டும் ஒண்ணுதானே சார், இருபத்தி நாலு” என்றாள். விரலை எடுக்காமலே இடது கையால் 12 என்று கோணல் மாணலாக எழுதினாள்.

அந்தக் கட்டைவிரல்தான் பாடம். 2எக்ஸ் + 6 = 30 என்பதில் இரண்டு பக்கமும் 6-ஐக் கழிக்கிறோம் என்று பலகையில் எழுதுகிறோமே, அதை அவள் விரலால் செய்துவிட்டாள். அவள் மூடிய பிறகு நான் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதச் சொன்னேன். மூடியதற்கு நேராக 2எக்ஸ் = 24, பாதியாக்கியதற்கு நேராக எக்ஸ் = 12. படம் ஒரு பக்கம், கணக்கு வேறு பக்கம் என்று இருந்தால் பயன் இல்லை. இரண்டும் ஒரே வரிசையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் கண் படத்திலிருந்து எழுத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

சமக்குறிக்கு ஒரு படம் வேண்டும், அது தராசு. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் விடக்கூடாது. 8 + 4 = □ + 5 என்று கொடுத்துப் பாருங்கள். உங்கள் மகன் கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறியை ‘விடை இங்கே வரும்’ என்று மட்டும் படிக்கிறான் என்று பொருள். ஆறு வருடம் கணக்கு நோட்டில் அந்தக் குறிக்குப் பிறகு விடைதான் வந்திருக்கிறது, அவன்மேல் குற்றம் இல்லை. இரண்டு தட்டும் ஒரே எடை என்று தராசு வரைந்து காட்டுங்கள். கட்டத்தில் 7 வரும் என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

அடைப்புக்குறி வரும்போது பரப்பு வரைய வேண்டும். 3(எக்ஸ் + 4) என்பதைப் பாதிப் பிள்ளைகள் 3எக்ஸ் + 4 என்று விரிப்பார்கள். எங்கள் வகுப்பில் இதற்குக் கீரைப் பாத்தி வரைவோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பின்னால் பாத்தி பார்த்த பழக்கம் இருக்கிறது. அகலம் 3 அடி, நீளம் எக்ஸ் அடி, பிறகு அதை நான்கு அடி நீட்டுகிறோம். முழுப் பாத்தியும் இரண்டு துண்டு: ஒன்று 3எக்ஸ், இன்னொன்று 12. விடையில் 4 என்று எழுதினால், நீட்டிய துண்டில் மூன்று வரிசையில் ஒரு வரிசைக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். இரண்டாம் படிவத்தில் (எக்ஸ் + 2)(எக்ஸ் + 3) வரும்போது இதே பாத்தி நான்கு துண்டாகும். புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதெல்லாம் பிள்ளைகளுக்காகச் செய்த எளிய வழி, உண்மையான கணிதம் வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாக்தாதில் 820 வாக்கில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் எழுதிய நூலின் பெயரில் இருந்துதான் அல்ஜிப்ரா என்ற சொல்லே வந்தது. அவர் ஒரு எண்ணின் வர்க்கமும் அதன் பத்து மடங்கும் சேர்ந்தால் 39 என்ற கணக்கை எடுத்துக்கொண்டு, சதுரம் வரைந்துதான் நிரூபித்தார். எக்ஸ் பக்கமுள்ள சதுரம், அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கத்திலும் ஐந்து அகலத்தில் ஒவ்வொரு செவ்வகம், எல்லாம் சேர்ந்து 39. மூலையில் காலியாக இருக்கும் 25-ஐ நிரப்பினால் 64, அதாவது எட்டுக்கு எட்டு. எட்டில் ஐந்து போக எக்ஸ் மூன்று. நம் பக்கத்திலும் பழைய வழி ஒன்று உண்டு. கணித அறிஞர் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய ‘பீஜகணிதம்’ நூலில், தெரியாத முதல் எண்ணை ‘யாவத் தாவத்’ (எவ்வளவோ அவ்வளவு) என்பதன் முதல் எழுத்தான ‘யா’ என்று எழுதினார். அடுத்தடுத்த தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்: கறுப்பு, நீலம், மஞ்சள். தெரியாத எண்ணுக்கு ஒரு நிறம் கொடுப்பது அவ்வளவு பழைய யோசனை. நான் இதை வகுப்பில் அப்படியே பயன்படுத்துகிறேன். தெரியாத அளவு எப்போதும் நீலம், தெரிந்த எண் சிவப்பு. படத்தில் நீலமாக இருக்கும் பட்டை, பக்கத்து வரியில் நீல எக்ஸ். வாரம் முழுக்க இது மாறக்கூடாது.

சரி, ‘படம் பார்த்தால்தான் புரிந்துகொள்கிற பிள்ளை’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். பிள்ளைகளைக் கண்ணால் படிப்பவர், காதால் படிப்பவர் என்று பிரித்து, அந்தந்த வழியில் கற்பித்தால் நன்றாக வருவார்கள் என்ற கருத்து ஆசிரியர்களிடமும் பரவியிருக்கிறது, பயிற்சிகளிலும் சொல்லித் தருகிறார்கள். நானும் நம்பினேன். நான்கு உளவியலாளர்கள் 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். உங்கள் மகனுக்குப் படம் உதவினால், அது அவன் தனி வகைப் பிள்ளை என்பதால் இல்லை. சரியான படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுகிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘எனக்குப் படம் இல்லாமல் வராது’ என்று பிள்ளையே நம்ப ஆரம்பித்துவிட்டால் வெறும் சமன்பாட்டைக் கண்டதும் கையைக் கட்டிக்கொள்வான்.

வரைவது நினைவுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்கள் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். 2016-இல் அது வெளிவந்தது. ஆனால் அது சொற்களை நினைவுபடுத்தும் சோதனை. சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு அதை அப்படியே நீட்டக்கூடாது. பட்டைப் படமும் பாத்தியும் உதவுகின்றன என்று நான் சொல்வது பெரும்பாலும் என் வகுப்பு அனுபவம். ஒரு வகுப்பில் படம், இன்னொரு வகுப்பில் படமில்லாமல் என்று வைத்து நான் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை கூடுதலாக மூன்று மணி நேரம் உட்கார்ந்ததே பாதிக் காரணமாக இருக்கலாம்.

நினைவுக்கான படம் வேறு, விளக்குவதற்கான படம் வேறு என்பதற்கு ஓர் உதாரணம். படிவம் 1 புத்தகத்தில் ஐந்தாவது பாடம் ‘உங்காப்பான் அல்ஜிப்ரா’, அல்ஜிப்ரா கோவைகள். அதில் 3எக்ஸ், 2எக்ஸ் போன்ற ஒத்த உறுப்புகளுக்கு மலாயில் ‘செபுத்தான் செரூப்பா’ என்று பெயர். எங்கள் பையன்கள் அதைச் ‘செருப்பா’ என்று படித்துவிட்டு, நோட்டில் ஒரு ஜோடி செருப்பு வரைந்து வைத்தார்கள். ஒரே ஜோடியைத்தான் சேர்த்து வைக்க முடியும் என்று அர்த்தமும் பொருந்திப்போனது. சொல்லை மறக்காமல் இருக்க அருமையான படம். ஆனால் 3எக்ஸும் 2எக்ஸும் சேர்ந்து 5எக்ஸ் ஆவது ஏன் என்று அந்தச் செருப்பு சொல்லாது. அதற்கு நீலப் பட்டை மூன்றும் இரண்டும் வரைந்தே ஆக வேண்டும். செருப்பு ஓரத்தில் சின்னதாக இருக்கட்டும், பட்டை நடுவில் பெரிதாக இருக்கட்டும்.

மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளின் சிரமம் வெளியே தெரிவதில்லை. ஆறு வருடம் தமிழில் கணக்குப் படித்தவன், ஒரே விடுமுறையில் மலாய்க்கு மாறுகிறான். இருமொழித் திட்டம் உள்ள பள்ளி என்றால் ஆங்கிலம். பல நேரம் அல்ஜிப்ரா புரியாமல் இல்லை, ‘பெம்போலே ஊபா’ என்றால் மாறி, அதாவது எண்ணுக்குப் பதில் நிற்கும் எழுத்து, என்று யாரும் சொல்லித் தராததுதான் சிக்கல். அதனால் வீட்டில் தமிழில் பேசியே படத்தை வரையுங்கள். படத்தின் பகுதிகளுக்குப் பெயர் எழுதும்போது மட்டும் பள்ளியில் எந்த மொழியோ அந்த மொழியில் எழுதுங்கள். நீலப் பட்டைக்கு அம்புக்குறி போட்டு ‘பெம்போலே ஊபா’, உறைகளின் எண்ணிக்கையான மூன்றுக்கு ‘பெக்காலி’ (கெழு). என் கணிப்பில், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படக்குறிப்பின் பெரிய லாபமே இதுதான்.

படம் எங்கே தோற்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ம எண்ணில் தோற்கும். எக்ஸ் + 9 = 5 என்றால் விடை –4. உறைக்குள் மைனஸ் நான்கு வெள்ளியை எப்படி வரைவது? கடன் சீட்டு என்று சொல்லி நானும் முயன்றிருக்கிறேன். இந்தக் கணக்குக்கு ஓடும், –3எக்ஸ் = 12 என்று வந்ததும் நின்றுவிடும். மைனஸ் மூன்று உறை என்று ஒன்று கிடையாது. தராசுத் தட்டிலும் அதை வைக்க முடியாது. அந்த இடம் வந்ததும் படத்தை மூடிவிட்டு, இதுவரை படத்தில் பார்த்த விதியை எழுத்திலேயே நம்பிச் செய் என்று நேராகச் சொல்லுங்கள். எழுத்துக் கணக்கின் பலமே படம் போக முடியாத இடத்துக்கும் அது போவதுதான். அதனால்தான் படத்தைச் சரியான நேரத்தில் குறைக்கவும் வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு கணக்குக்கும் படம். அப்புறம் பத்துக்கு மூன்று. பிறகு தப்பு வந்த கணக்குக்கு மட்டும். நான்கு மாதம் கழித்தும் 5எக்ஸ் = 20-க்கு ஐந்து பட்டை வரைந்துகொண்டிருந்தால், வரைவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது, யோசனை நின்றுவிட்டது.

ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியாது. எண்களே குழம்புகிற, வரிசை மாறுகிற, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு எது சரி என்பதில் எனக்குப் பயிற்சி இல்லை. உங்கள் மகன் ஆறாம் ஆண்டு வரை நன்றாக வந்தவன் என்பதால் அப்படி இருக்கும் என்று தோன்றவில்லை. சந்தேகம் இருந்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள்.

பேனா செட் வேண்டாம். பென்சில், ரூலர், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று போதும். இருபத்து நான்கு நிறம் இருந்தால் தலைப்புக்கு நிழல் போடுவதிலேயே அரை மணி போய்விடும். இணையத்தில் கிடைக்கும் அழகான குறிப்புகளை அச்செடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். மற்றவர் வரைந்ததைப் பார்ப்பது வேறு, தானே எந்தப் பட்டை நீளம், எது சின்னது என்று முடிவு செய்வது வேறு. நீங்களும் வரைந்து தராதீர்கள். அவன் வரைவது கோணலாக இருந்தால் இருக்கட்டும். எதிரே உட்கார்ந்து “இது எத்தனை வெள்ளி? உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு அல்ஜிப்ரா மறந்திருந்தாலும் அந்த இரண்டு கேள்வியைக் கேட்கலாம். தினமும் இருபது நிமிடம், மூன்று கணக்கு.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 4எக்ஸ் + 2 = 30 என்று வெறும் சமன்பாட்டை எழுதிக் கொடுத்து, இதற்கு ஒரு கதை சொல்லு, அந்தக் கதைக்குப் படம் போடு என்று கேளுங்கள். பலாச்சுளை, பெட்ரோல், செம்பனைக் குலை, எதை வைத்து வேண்டுமானாலும் சொல்லட்டும். கதையில் எக்ஸ் ஓர் எண்ணாக வருகிறதா, பொருளாக வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ‘நான்கு எக்ஸ் வாங்கினேன்’ என்று தொடங்கினால் உறைக்குத் திரும்புங்கள். ‘நான்கு கூடை, ஒவ்வொன்றிலும் எக்ஸ் பழம்’ என்று தொடங்கினால் புத்தகத்தில் அடுத்ததான ஆறாவது பாடத்துக்குப் போகலாம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.